கருநீலப் பாவு

ஜனவரி 4, ஞாயிறு

இந்த டைரி எனக்காக வாங்கியது இல்லை. மாப்பிள்ளை நவநீதனுக்கு பெங்களூரில் அவர் வேலை பார்த்த கம்பெனி கொடுத்தது. கார்த்திகை மாதம் ஒரு மாடி முழுக்க இருந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் இவரும் ஒருவர். வேலையைப் பிடுங்கிக்கொண்டு புது வருஷத்து டைரியைக் கையில் கொடுத்து அனுப்பிய கம்பெனியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

"எனக்கு எழுத ஒண்ணுமில்லீங் மாமா. நீங்க வெச்சுக்குங்க" என்று நீட்டினார்.

"அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் மாப்பிள்ளை நான். எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள அடுத்த வருசத்து டைரி வந்துரும்."

சிரித்தார். சிரித்தால் நன்றாகத்தான் இருக்கிறார். அதை ஏன் இத்தனை சிக்கனமாகச் செலவு செய்கிறார் என்று தெரியவில்லை.

டைரி என்றால் முதலில் பேர் எழுத வேண்டுமாம். சென்னியப்பன். சென்னிமலை. பெட்ஷீட் தறிகளுக்குப் பாவு ஓட்டுவது தொழில். எந்த நிறம், எத்தனை இழை என்று வரிசைப்படி நூல் கோன்களை மாட்டி, பெரிய உருளையில் சுற்றிக் கொடுத்தால் அதுதான் பாவு. அதற்கப்புறம்தான் தறிக்கு வேலை. பெண்டாட்டி பூங்கோதை. ஒரே மகள் தாரணி, தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளையும் கூடவே வந்துவிட்டார். "சீர் அனுப்புனா மகள் வருவா. எனக்கு மாப்பிள்ளையும் சேர்ந்து வந்துருக்காரு" என்று பாவு ஓட்டும் கொட்டகையில் சொன்னேன். கூட வேலை பார்க்கும் சிவமலை சிரித்து டீயைத் துப்பிவிட்டான்.

ஜனவரி 7, புதன்

என்ன எழுதுகிறீர்கள் என்று பூங்கோதை எட்டிப் பார்த்தாள். உன் சாம்பாரைப் பற்றி என்றேன். இன்று ரசம் மட்டும்தான்.

ஜனவரி 11, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு நம் தொழிலில் ஆசை வந்துவிட்டது. முதலாளி லோகநாதன் எழுதித் தரும் சீட்டுகளைக் கேட்டார். சட்டைப் பையில் கிடந்ததைக் கொடுத்தேன். ஒரு பெட்ஷீட்டின் நிறவரிசை முழுவதும் அந்தச் சீட்டில் இருக்கும். வெ 4, கரு 12, சிவ 6 என்று போகும். கடைசியில் மொத்த இழை எத்தனை என்று ஒரு கூட்டு. அவ்வளவுதான்.

"கரு சரி, கருப்பு. இங்க கருநீலம்னு முழுசா எழுதிருக்காரே?"

"அதைச் சுருக்குனா கருப்பாயிருமில்ல மாப்பிள்ளை."

"வெ சிவ 20ன்னு ரெண்டு நிறத்துக்கு ஒரே எண் போட்டிருக்கு?"

"வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு, மறுக்கா வெள்ளை ஒண்ணு. அப்படி மாத்தி மாத்தி மொத்தம் இருவது இழை. தூரத்துல பாத்தா ரோஸ் மாதிரி தெரியும். கிட்டப் போனா குட்டு உடைஞ்சுரும். கல்யாணப் பொண்ணு மேக்கப் மாதிரி."

அதையும் எழுதிக்கொண்டார். மேக்கப்பை எழுதினாரா என்று தெரியவில்லை.

இப்போது அந்தச் சீட்டைப் படித்து, எந்தக் கோனை எந்த வரிசையில் மாட்ட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டுகிற மாதிரி கம்ப்யூட்டரில் ஒன்று செய்கிறார். நானும் முதலாளியும் அரை நாள் உட்கார்ந்து போடுகிற படம் அது.

எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டது தப்பு. பேசாத மனிதர், சோறு ஆறும்வரை பேசினார். எனக்கு ஏறியது இவ்வளவுதான். முதலில் சீட்டில் உள்ள எழுத்தை எல்லாம் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். இது நிறம், இது எண் என்று ஒவ்வொரு துண்டுக்கும் பேர் வைக்க வேண்டும். வெட்டுகிறவன் பெயர் லெக்சர். வெட்டிய துண்டுகளைச் சேர்த்து அர்த்தம் பார்க்கிறவன் பார்சர். வெட்டுகிறவனை இவர் கையால் எழுதுவது இல்லையாம். எதை எப்படி வெட்டுவது என்று விதிகளை எழுதிக் கொடுத்தால், அவனைச் செய்து கொடுக்க ஒரு கருவி இருக்கிறதாம்.

"ஆக, நீங்களும் வேலை செய்யறதில்லை. வேலை செய்யறவனைச் செய்யறதுக்கும் வேற ஆளு" என்றேன்.

"அப்பா!" என்றாள் தாரணி.

ஜனவரி 19, திங்கள்

முதலாளி அசந்துபோனார். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் சீட்டை மாப்பிள்ளை லேப்டாப்பில் அடித்தார். படம் வந்து நின்றது. நான் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு இழை பிசகவில்லை.

"தம்பி, இது உங்க லேப்டாப்புல மட்டும் இருந்து என்ன பிரயோசனம்? கொட்டகையில எல்லாருடைய செல்போன்லயும் தெறக்கோணும். அப்படிப் பண்ணிக் குடுங்க. எங்க மூணு யூனிட்டுக்கும் போட்டுக்கலாம். நீங்களே இருந்து பாத்துக்குங்க. பெங்களூரு எதுக்கு?"

தாரணியிடம் சொன்னேன். அவள் சமையலறைக்குள் போய் அம்மாவிடம், "நாங்க இங்கயே இருந்துருவோம் போலிருக்கும்மா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் பூங்கோதை காய்ச்சிய பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இன்று அவளைக் கேலி செய்யவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

செல்போனுக்கு மாற்றுவது சுலபம் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பழைய கருவி செல்போனுக்கு ஒத்து வராதாம். வேறு ஒன்று எடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே வேலைதான் செய்கின்றன. ஆனால் விதி எழுதுகிற முறை வேறு வேறு.

"பழசுல முதல்ல உருவத்தை எழுதோணும், அப்பறம் அதுக்கு என்ன செய்யறதுன்னு எழுதோணும். புதுசுல பேரை முதல்ல எழுதி, ஒரு முக்காப்புள்ளி வெச்சு, சாய்ஞ்ச கோட்டுக்குள்ள உருவத்தை எழுதோணும். பழசுல இரட்டை மேற்கோள் போட்ட எடமெல்லாம் இங்க போடக்கூடாது. ஒரு விதிக்குள்ள இன்னொரு விதியைப் பேர் சொல்லிக் கூப்பிடறது அங்க உண்டு, இங்க இல்லை. ஒவ்வொண்ணா மாத்தறேன் மாமா."

"சம்பந்தி வீடு மாதிரின்னு சொல்லுங்க மாப்பிள்ளை. தாலி ஒண்ணுதான். ஒரு வீட்டுல வாழை இலையை இப்படித் திருப்பிப் போடுவாங்க, இன்னொரு வீட்டுல அப்படி. இலையைப் பாத்துப் போட்டாத் தீந்துச்சு."

"இலை கண்ணுக்குத் தெரியுதுங் மாமா. தெரியாத முறையும் சிலது இருக்கும். அதுதான் பயமா இருக்கு."

பயப்படுகிற மாப்பிள்ளை எனக்குத்தான் வாய்த்திருக்கிறார் என்று சிவமலையிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஜனவரி 28, புதன்

புதுக் கருவியில் மாற்றி முடித்துவிட்டார். போன வருஷத்துச் சீட்டுகளை எல்லாம் அதில் ஓட்டி, வந்த படங்களை அச்சு எடுத்து, ஒவ்வொரு சீட்டையும் அதன் படத்தோடு சேர்த்துக் குத்தி, பெரிய கட்டாகக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார்.

"மாமா, எனக்கு இது சரியா தப்பான்னு பாத்தாத் தெரியாது. தொழில் தெரிஞ்ச கண்ணு வேணும். வரிவரியாப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்லை. நீங்க சரின்னு சொன்னப்பறம்தான் முதலாளிகிட்டக் குடுப்பேன்."

"எடைக்குப் போட்டா எத்தனை தேறும்?"

"மாமா, நெசமாலும்."

"பாக்கறேன் மாப்பிள்ளை. உங்க லெக்சரு கழுத்தை வெட்டிருந்தாக்கூடக் கண்டுபிடிச்சுருவேன்."

ஜனவரி 30, வெள்ளி

தைப்பூசத் தேருக்கு உறவு வரப் போகிறது. வீட்டுக்கு வெள்ளையடிப்பு. மாப்பிள்ளை கொடுத்த காகிதக் கட்டை அலமாரி மேலே வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். ஊரே கால் வைக்க இடமில்லை. தாராபுரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பந்தியில் என் பேச்சுக்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவே, "எங்க பையன் உங்க வீட்டுல பாதியாச்சும் பேசக் கத்துக்கட்டும்" என்றார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

டீ நேரத்தில் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். கொட்டகையில் நாங்கள் சீட்டு சரிபார்க்கிற முறை ஒன்றுதான். கீழே உள்ள கூட்டைப் பார்ப்போம். கை எழுத்தில் தப்பு வந்தால் கூட்டில்தான் வந்து நிற்கும். கூட்டு சரி என்றால் பாவு சரி. என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். சீட்டின் கூட்டையும் படத்தின் கூட்டையும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. ஒன்றுகூட விலகவில்லை. டீ ஆறவே இல்லை.

சாயங்காலம் சொன்னேன். "பாத்தாச்சு மாப்பிள்ளை. தங்கம்."

"எல்லாமா மாமா?"

"அட, சந்தேகமா? சத்தியம் வேணுங்களா, கற்பூரம் ஏத்தட்டுமா?"

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. என் கையைப் பிடித்துக்கொண்டார். மனுஷர் கையெல்லாம் ஈரம்.

பிப்ரவரி 9, திங்கள்

முதலாளி இப்போது சீட்டு எழுதுவது இல்லை. செல்போனில் அடித்துவிடுகிறார், எனக்குப் படம் மட்டும் வருகிறது. நல்ல வசதி. கண்ணாடி தேட வேண்டியதில்லை.

குன்னூரில் ஒரு ஹோட்டலுக்குப் பெரிய ஆர்டர். நடுவில் வெள்ளை, இரண்டு ஓரத்திலும் கருப்பும் நீலமும் ஒன்று விட்டு ஒன்று. இப்படி ஒரு ஓரம் நான் ஓட்டியதே இல்லை. கோன் மாட்டும்போது சிவமலை கேட்டான், "ஏனப்பா, எந்த ஊருப் புது ஸ்டைலு இது?"

"குன்னூருல குளிரு ஜாஸ்தி. நீலம் தனியாப் படுத்தா நடுங்கும்னு பக்கத்துல கருப்பைப் படுக்க வெச்சிருக்காங்க."

நாள் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தான். முதலாளிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கோன் மாட்டிய பிறகு யாரும் கேட்பது வழக்கமில்லை.

பிப்ரவரி 18, புதன்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

காலை பத்து மணி வெயிலில் முதலாளி முற்றத்தில் நின்று பெட்ஷீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹோட்டல்காரர் மாதிரியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். கொட்டகை விளக்கில் நன்றாகத்தான் தெரிந்தது. வெயிலில் பார்த்தால் ஓரம் முழுக்கப் புழு ஊர்கிற மாதிரி மினுமினுத்தது.

"நான் அடிச்சது கருநீலம். வெறும் கருநீலம். இது என்னது?"

தறிக்காரர்கள், மூட்டை கட்டுகிறவர்கள், எல்லாரும் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளையையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் செருப்புக்கூட மாட்டாமல் வந்து நின்றார்.

முதலாளி முதலில் என்னைத்தான் கேட்டார். "சென்னியப்பா, இத்தனை வருசமா பாவு ஓட்டற. கருப்பையும் நீலத்தையும் மாத்தி மாத்தி மாட்டறப்ப உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் எப்போதும் என்னைக் கைவிட்டதில்லை.

"கம்ப்யூட்டரு சொன்னா நான் மறுத்துப் பேசறதுக்கு என்னங்க பி.ஈ.யா படிச்சிருக்கேன்? அதுலயும் மாப்பிள்ளை கம்ப்யூட்டரு. மறுத்துப் பேசுனா வீட்டுல எனக்குச் சோறு கெடைக்குமுங்களா?"

கொல்லென்று சிரித்தார்கள். முதலாளிக்கே உதடு கோணியது. கோபம் என்னை விட்டு இறங்கிப் பக்கத்து ஆளுக்குப் போனது கண்ணுக்குத் தெரிந்தது.

"என்ன தம்பி இது? குடுக்கறதுக்கு முன்னால யாரும் பாக்கலையா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் போல இருக்கிறதே என்று ஒருவரைப் பார்ப்போமே, அப்படி.

"தப்பு என்னுதுங்க. பாத்திருக்கோணும். நான் சரியாப் பாக்கலீங்க."

நான் அப்போது கீழே கிடந்த கோன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நல்லா சமாளிச்சப்பா" என்று சிவமலை முதுகில் தட்டினான்.

பிப்ரவரி 19, வியாழன்

என்ன ஆயிற்று என்று மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். காலையில் பூங்கோதை கேட்டாள், பொறுமையாகச் சொன்னார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"பழைய கருவிக்கு ஒரு பழக்கம் அத்தை. சீட்டுல எங்க வெட்டலாம்னு பாக்கறப்ப, எந்த விதிக்கு நீளமான துண்டு கெடைக்குதோ அதைத்தான் எடுக்கும். கருநீலம்னு எழுதிருந்தா, அதுல கருன்னு ஒரு துண்டு இருந்தாலும் சீந்தாது. முழுசா கருநீலத்தை எடுத்துக்கும். புதுக் கருவி அப்படியில்லை. நான் எழுதுன விதியில மேல இருந்து கீழ வரும். முதல்ல எது பொருந்துதோ அதை வெட்டிரும். கருவை நான் மேல எழுதிருந்தேன். கருன்னு வெட்டிருச்சு. மிச்சம் நீலம்னு வெட்டிருச்சு. கருப்பு, நீலம்னு ரெண்டு நிறம், ஒரே எண். ரெண்டு நிறத்துக்கு ஒரே எண் வந்தா மாத்தி மாத்தின்னு அர்த்தமில்லீங்களா? அது கரெக்டாத்தான் போட்டுருச்சு. மொத்த இழைகூட மாறலை."

"அதைச் சரி பண்ண எத்தனை நாளு கண்ணு ஆகும்?"

"பண்ணிட்டேன் அத்தை. ஒரு வரியை மேல தூக்கி வெக்கோணும். அவ்வளவுதான்."

ஒரு வரி. பெரிய பாவு ஒன்று, நூற்றுக்கணக்கில் பெட்ஷீட்.

கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார். "பழைய சீட்டுலயும் கருநீலம் இருந்துருக்கு. அந்தக் கட்டுலயே மூணு எடத்துல இருக்கு."

எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவர் லேப்டாப்பை மூடி உறையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

டீக்கடையில் மாப்பிள்ளை நுழைந்ததும் ஒருவன், "வாங்க கருநீலம்" என்றானாம். தாரணி அழுதுகொண்டு சொன்னாள். எந்தப் போக்கிரி இப்படிப் பேர் வைத்தது என்று கொட்டகையில் சத்தம் போட்டேன்.

"ஏனப்பா, நீதானே முந்தாநேத்து வெச்ச" என்றான் சிவமலை.

மார்ச் 3, செவ்வாய்

பேத்தி பிறந்தாள். இரண்டு பேரும் நலம். நான் அப்புச்சி ஆகிவிட்டேன்.

மாப்பிள்ளை குழந்தையைத் துண்டோடு ஏந்தி என்னிடம் காட்டினார். கண்ணை அரைவாசி திறந்து பார்த்தது குழந்தை. நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கண்ணு என்ன மாப்பிள்ளை, கருநீலமா இருக்குது?"

குழந்தையை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, மருந்து வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். மருந்து எல்லாம் அப்போதே வாங்கியாகிவிட்டது.

மார்ச் 4, புதன்

பூங்கோதை இன்று எனக்கு ரசம்கூட ஊற்றவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டதாம். போனில்தான் கேள்வி கேட்டார்கள், போனில்தான் முடிவு சொன்னார்கள். முதலாளியைப் பார்த்துப் பேசிப் பார்க்கிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாங் மாமா என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவரிடம் எப்போதும் மரியாதை குறைவதில்லை, அதுதான் தொந்தரவு.

தாரணி குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அவரு இங்கயே இருக்கோணும்னுதான் அத்தனை பாடு பட்டாரு."

"தெரியும் கண்ணு."

"அந்தக் கட்டை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தனே."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் மிட்டாய் தீர்ந்துவிட்டது என்று நான் ஏமாற்றினால் இப்படித்தான் பார்ப்பாள். அப்போதெல்லாம் கடைசியில் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவேன்.

"சரிப்பா" என்று எழுந்து போனாள்.

மார்ச் 22, ஞாயிறு

ஈரோடு ஸ்டேஷன். மாப்பிள்ளைக்கு ஒரு பெட்டி, ஒரு லேப்டாப் பை. ரயில் தாமதம். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வேண்டிய அளவுக்கு நேரம் இருந்தது. புனேயில் சப்பாத்தி சாப்பிட்டுச் சாப்பிட்டு முகம் வட்டமாகிவிடும் என்றேன். இந்தியில் மாமனாரைத் திட்ட என்ன வார்த்தை என்று கற்றுக்கொண்டு வாருங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் சிரித்தார். ரயில் வந்தது.

ஏப்ரல் 8, புதன்

முதலாளி மறுபடியும் மாப்பிள்ளை செய்த செல்போன் கருவிக்கு வந்துவிட்டார். கையால் படம் போட்டு ஒரு மாதம் தள்ளினார், முடியவில்லை. மாப்பிள்ளை போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சரி செய்து, ஆபீஸ் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை.

இன்று என் செல்போனில் திறந்து பார்த்தேன். மாற்றி இருக்கிறார். முன்பு படம் மொத்தமாக வரும், கீழே கூட்டு இருக்கும். இப்போது அப்படி இல்லை. இடது பக்கம் முதலாளி அடித்த வரி ஒன்று. வலது பக்கம் அதை எப்படி வெட்டியது என்று நிறப் பட்டைகள். பார்த்து, சரி என்று விரலால் தொட்டால்தான் அடுத்த வரி வருகிறது. தொடாமல் அடுத்ததற்குப் போக முடியாது. எல்லா வரியும் முடிந்த பிறகுதான், கடைசியில், மொத்த இழை வருகிறது.

கூட்டைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

கொட்டகையில் எல்லாரும், இது என்னப்பா ரோதனை, நேரம் ஆகிறது என்றார்கள். என்னிடமிருந்து ஏதாவது வேடிக்கை வரும் என்று சிவமலை என் வாயையே பார்த்தான். நான் கோன் எண்ணப் போய்விட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

எல்லா வரியையும் தொட்டேன்.

ஜூலை 19, ஞாயிறு

ஐந்தாம் மாதம். தாரணியையும் குழந்தையையும் கூட்டிப் போக மாப்பிள்ளை வந்தார். குழந்தைக்கு என் பேச்சு புரிய ஆரம்பித்திருக்கிறது. நான் முகத்தைக் கோணினால் வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். வீட்டில் மிச்சமிருந்த என் ரசிகை இவள் ஒருத்திதான்.

தூளியை அவிழ்த்த இடத்தில் கயிறு அழுத்திய தடம் உத்தரத்தில் இருக்கிறது. பூங்கோதை துடைக்கப் போனாள், விடு என்றேன்.

மாப்பிள்ளை வந்ததைக் கேள்விப்பட்டு முதலாளி எங்கள் வாசலுக்கே வந்து அவரிடம், "எப்ப வந்தாலும் உங்க எடம் காலியாத்தான் தம்பி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தாரணி என்னைப் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

போனில் முகம் பார்த்துப் பேசினோம். குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறாள். பூங்கோதை போனைப் பிடுங்கிக் கொஞ்சிக்கொண்டே இருந்தாள். கடைசியாக என் கைக்கு வந்தபோது குழந்தை தூங்கிவிட்டது. மாப்பிள்ளைதான் இருந்தார். முகம் கொஞ்சம் வட்டமாகத்தான் ஆகியிருக்கிறது.

தொழிலைப் பற்றிக் கேட்டார்.

"சீட்டெல்லாம் சரியா வெட்டுதுங்களா மாமா?"

"சரியா இருக்கு மாப்பிள்ளை. நேத்துக்கூட ஒரு பெரிய ஆர்டரு. கருநீலம் இருந்துச்சு. கருநீலமாவே வந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"வரிவரியாவா மாமா?"

குரலில் கோபம் இல்லை. உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு இருந்தது. என் வீட்டில் இருந்த அத்தனை மாதத்தில் அந்த மனிதர் என்னைக் கேலி செய்தது இல்லை. இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறார்.

பதிலுக்குச் சொல்ல வேடிக்கையாக ஒன்று வாய்வரை வந்தது. நல்ல வேடிக்கை, கொட்டகையே உருண்டு சிரித்திருக்கும். சொல்லவில்லை.

"வரிவரியாத்தானுங் மாப்பிள்ளை" என்றேன்.

சரிங் மாமா என்றார். தூங்குகிற குழந்தை பக்கம் போனைத் திருப்பிப் பிடித்தார்.